வீட்டுக் கடிகாரத்தில் ஒரு சம்பளக் கணக்கு

சேலத்தில் ஆலை வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் 'இந்த வாரம் பி ஷிப்ட்' என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. மதியம் 2 மணிக்கு உள்ளே போய் இரவு 10 மணிக்கு வெளியே வரும் வேலை. கம்பெனி வண்டியில் வந்தாலும் சொந்த வண்டியில் வந்தாலும் வீடு சேர 10.45 ஆகிவிடும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா பாதித் தூக்கத்தில் இருப்பார். மாலை 4.30 மணிக்குப் பிள்ளை திரும்பும்போது அவர் ஆலையில் இருப்பார். அவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் பிள்ளை தூங்கியிருக்கும். திங்கள் முதல் சனி வரை ஒரே கூரையின் கீழ் இருந்தும் இருவரும் பேசிக்கொண்ட நேரத்தைக் கூட்டினால் ஒரு மணிகூடத் தேறாது. ஆனால் தாளில் அது சட்டப்படியான 8 மணி நேர வேலை.

அதே ஆலையில் ஏ ஷிப்டும் 8 மணி நேரம்தான். காலை 6 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு முடிகிறது. 3 மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால், பிள்ளை பள்ளியிலிருந்து வருவதிலிருந்து தூங்குவது வரை முழு மாலையும் கையில் இருக்கிறது. சம்பளம் ஒன்று, மணி ஒன்று, வீட்டுக்குக் கிடைப்பது மட்டும் முற்றிலும் வேறு.

வேலையா குடும்பமா என்ற கேள்வியை மொத்த மணியை எண்ணித் தீர்க்கப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். 'அவனுக்கு 9 மணி நேரம், எனக்கு 11 மணி நேரம்' என்ற ஒப்பீடு பாதி உண்மைதான். வேலை எடுத்துக்கொள்ளும் மணிகள் வீட்டில் யாரும் விழித்திராத மணிகளா, எல்லோரும் கூடியிருக்கும் மணிகளா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் விலை கூடிய நேரம் காலை 6.45 முதல் 8 வரையும், மாலை 6 முதல் 9 வரையும். ஒரு நாளில் நாலேகால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் பள்ளி, தூக்கம், விளையாட்டு. அந்த நாலேகாலில் எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறது என்பதே அளவுகோல்.

ஏற்காட்டில் விடுதி வேலை பார்ப்பவர்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு சரியாகக் கிடைக்கும், ஆனால் செவ்வாய் அல்லது புதன்கிழமையில். பயணிகள் மலையேறுவது சனி, ஞாயிறு. கூட்டம் உச்சத்தில் இருப்பது மே மாதம், கோடை விழா சமயம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் நாட்களும் அவையேதான். ஐந்து ரோட்டுப் பக்கத்து ஜவுளிக்கடை ஊழியருக்கு ஆடித் தள்ளுபடியும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் ஒன்றாக வரும். ஊரே கோவிலுக்குப் போகிற நேரத்தில் அவர் சேலை மடித்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் அப்படித்தான். இவர்களின் ஆண்டு மொத்த மணி ஒரு வங்கி ஊழியரின் மணியைவிடக் குறைவாகவே இருந்தாலும், வீட்டுக் கணக்கில் இழப்பு அதிகம்.

ஆகவே முதல் வேலை, நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுவது. நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் நான்கு நேரம் எழுதுங்கள்: வீட்டைவிட்டுக் கிளம்பியது, வேலை தொடங்கியது, வேலை முடிந்தது, வீட்டு வாசலில் கால் வைத்தது. ஐந்தாவதாக ஒரு கட்டம்: வந்தபோது பிள்ளை விழித்திருந்ததா, அம்மா அப்பா சாப்பிட்டிருந்தார்களா என்று ஒரே வரி. வேலை முடிந்ததற்கும் வாசலுக்கும் இடையே உள்ள நேரம் பலருக்கு அதிர்ச்சி தரும். 6 மணிக்கு 'வேலை முடிந்தது' என்று மனதில் பதிந்திருக்கும். டீக்கடை, பஞ்சிங் வரிசை, மேலாளர் கூப்பிட்ட 'ரெண்டே நிமிஷம்', நாலு ரோட்டு நெரிசல் எல்லாம் சேர்ந்து வாசலில் 7.40 ஆகியிருக்கும்.

நான்கு வாரத்தைக் குறைக்காதீர்கள். சுழற்சி ஷிப்டில் மூன்று வாரம் போனால்தான் ஒரு சுற்று முடியும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாதக் கடைசி மூன்று நாள் தனி உலகம். ஒரே வாரத்தை எழுதிவிட்டு அதை நான்கால் பெருக்குவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, வாரக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவது. கோபமாக இருந்தால் மணி கூடும், சம்பளம் வந்த வாரமென்றால் குறையும். அன்றன்று, வாசலிலேயே எழுதிவிட வேண்டும்.

நோட்டு முடிந்ததும் சம்பளக் கணக்கு. ஓர் உதாரணம் போடுவோம். அம்மாப்பேட்டையில் வீடு, ஓமலூர் பக்கம் ஓர் ஆலை அலுவலகத்தில் வேலை, ஒரு வழி 18 கி.மீ., கையில் வரும் சம்பளம் 32,000 ரூபாய், மாதம் 26 நாள். தாளில் 8 மணி நேரம் என்பதால் 208 மணிக்கு 32,000, அதாவது மணிக்கு 154 ரூபாய். நோட்டில் இருப்பது காலை 8.15 முதல் இரவு 8.45 வரை, அதாவது பன்னிரண்டரை மணி. மாதத்துக்கு 325 மணி.

இனி, இந்த வேலை இருப்பதால் மட்டுமே ஆகும் செலவுகளைக் கழிக்க வேண்டும். மாதம் 936 கி.மீ. வண்டி ஓடுகிறது. லிட்டருக்கு 50 கி.மீ., லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் ஏறத்தாழ 1,900. வெளியில் டீ, மதியச் சாப்பாடு நாளுக்கு 80 வீதம் 2,080. வண்டித் தேய்மானம் 400. அசதியில் அடுப்பு பற்றவைக்காமல் பார்சல் வாங்கும் இரவுகள் மாதம் ஆறு, தலா 300 என்றால் 1,800. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் டியூஷன் 800. மொத்தம் 6,980. மிச்சம் 25,020 ரூபாய். அதை 325 மணியால் வகுத்தால் மணிக்கு 77 ரூபாய். தாளில் இருந்த 154 சரியாகப் பாதியாகிவிட்டது.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில் 26,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். வீட்டிலிருந்து 4 கி.மீ. காலை 9.10க்குக் கிளம்பினால் மாலை 6.20க்கு வாசலில். மாதம் சுமார் 238 மணி. பெட்ரோல் 425, டீ 520, வண்டி 200, பார்சல் இரண்டு முறைக்கு 600. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து தூக்குப் போசியில். டியூஷன் நிறுத்தம். மொத்தம் 1,745. மிச்சம் 24,255. மணிக்கு 102 ரூபாய். சம்பளத்தில் 6,000 குறைந்தது போலத் தெரிந்தது, வீட்டுக்கு வந்து சேரும் பணத்தில் 765 ரூபாய்தான் குறைகிறது. திரும்பக் கிடைப்பது மாதம் 87 மணி, நாளுக்கு மூன்று மணிக்கு மேல். அதுவும் அந்த விலை கூடிய மாலை மணிகள்.

இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக எல்லோருக்கும் வராது. நடந்து போகும் தூரத்தில் ஆலை, இலவச கேன்டீன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அம்மாயி என்று இருந்தால் முதல் வேலையின் செலவு 1,500ஐத் தாண்டாது. அப்போது 6,000 ரூபாய் உண்மையான 6,000தான். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் வேலை மாறினார் என்பதற்காக நீங்களும் மாறக் கூடாது. உங்கள் நோட்டு, உங்கள் செலவு.

மேலே உள்ள கணக்கில் ஒரு பொத்தலும் இருக்கிறது. அதை அடைக்காமல் வேலையை விடுவது ஆபத்து. கையில் வரும் பணத்தை மட்டுமே பார்த்தோம். முதல் வேலையில் அடிப்படைச் சம்பளம் 18,000, இரண்டாவதில் 14,000 என்றால், 12 சதவீதக் கணக்கில் முதலாளி போடும் பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதி 2,160லிருந்து 1,680 ஆகிறது. மாதம் 480 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் குறைகிறது. சில சிறு நிறுவனங்களில் பி.எஃப்.பே இருக்காது. அதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டுத் தொடர் பணி தேவை. கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய்க்கு 5 ஆண்டென்றால் 51,923 ரூபாய். நான்கரை ஆண்டு முடித்திருப்பவர் அவசரப்பட்டு ராஜினாமா கொடுத்தால் இவ்வளவும் போய்விடும். 4 ஆண்டும் 240 நாளும் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி வழக்குப் போட்டு வாங்குவதைவிட, 5 ஆண்டை முடித்துவிட்டு வருவது நிம்மதி.

பி.எஃப். பணத்தை உருவிவிடாதீர்கள். யு.ஏ.என். எனும் உங்கள் பழைய பி.எஃப். உறுப்பினர் எண்ணிலேயே புதிய வேலைக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 ஆண்டுப் பணி வேண்டும். 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி விழும். புதிய சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வந்தால் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம்தான். வயதான பெற்றோர் சார்ந்திருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. தீபாவளி போனஸ், ராஜினாமா நோட்டீஸ் காலம், அனுபவச் சான்று, வருமான வரிப் பிடித்தச் சான்று ஆகிய நான்கையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு கிளம்பும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேலத்தில் பலரும் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு வேலை மாறி, இரண்டு மாதம் தடுமாறுகிறார்கள். போனஸ் கைக்கு வந்த பிறகு, கார்த்திகை மார்கழியில் மாறுவது சுலபம். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். சம்பளச் சீட்டு வைத்திருப்பவருக்கு வங்கி கொடுக்கும் மரியாதை, சொந்தத் தொழில் தொடங்கி முதல் ஆண்டில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, மாறலாம் என்று தோன்றினாலும் உடனே மாறாதீர்கள். மூன்று மாதம் குறைந்த சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். வித்தியாசத் தொகையை, நம் உதாரணத்தில் 6,000 ரூபாயை, சம்பளம் வந்த அன்றே தபால் நிலைய ஆர்.டி.யில் போட்டுவிட வேண்டும். மூன்றாம் மாதக் கடைசியில் வேறு எங்கும் கைமாற்று வாங்காமல் ஓட்ட முடிந்ததென்றால் வீடு தயாராக இருக்கிறது. நகையை அடகு வைக்க வேண்டி வந்ததென்றால் இன்னும் தயாரில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு கல்யாண மொய்யும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் வந்து போயிருக்க வேண்டும். ஒன்றுமே வராத மூன்று மாதத்தை நம்ப முடியாது, இன்னும் இரண்டு மாதம் நீட்டுங்கள்.

பதவி உயர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேட்டராக இருப்பவருக்கு 22,000 ரூபாய் சம்பளம், மாதம் 40 மணி ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை என்று வையுங்கள். ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. 22,000ஐ 208ஆல் வகுத்தால் மணிக்கு 105.77. அதன் இரட்டிப்பு 211.54. 40 மணிக்கு 8,462. கையில் மொத்தம் 30,462. இப்போது அவரைச் சூப்பர்வைசர் ஆக்கி 27,000 ரூபாய் தருகிறார்கள். மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஓ.டி. கிடையாது. ஷிப்ட் ஒப்படைக்க அரை மணி முன்னால், அறிக்கை எழுத ஒரு மணி பின்னால், ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்றால் தொலைபேசி. மணி கூடுகிறது, பணம் குறைகிறது, சட்டை நிறம் மாறுகிறது. இது உயர்வே இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாண்டில் அடுத்த படி உறுதியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சம்பள உயர்வு ஓ.டி.யை ஈடுகட்டுகிறதா என்று கேட்காதவர்கள் மிக அதிகம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை.

வேலையை விடாமலே மணியை மீட்க முடியுமா என்பதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும். பொதுவாக 'நேரத்தோட விடுங்க சார்' என்று கேட்டால் எந்த மேலாளரும் இணங்க மாட்டார். எந்த நாள், எந்த நேரம், அதற்குப் பதிலாக என்ன என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 'செவ்வாயும் வியாழனும் 5.30க்குக் கிளம்புகிறேன். அந்த இரண்டு நாளும் 8 மணிக்கே வந்துவிடுகிறேன். மாதக் கடைசி மூன்று நாள் எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன். மூன்று மாதம் பார்ப்போம்.' இப்படிக் கேட்டால் மறுக்க அவருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஷிப்ட் வேலையில் பி ஷிப்டை மாற்றிக்கொள்வதுதான் பெரிய லாபம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட சக ஊழியருக்கு பி ஷிப்ட் சுமையே இல்லை. காலையில் தோட்டம், மாடு, வங்கி வேலை எல்லாம் முடித்துவிட்டு வர அது வசதிகூட. அவருடைய சி ஷிப்ட் வாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பி ஷிப்டை அவருக்குக் கொடுக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை வேலை உடம்புக்குக் கடினம்தான், ஆனால் மாலை முழுக்க வீட்டில் இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு வாரம் சி ஷிப்ட் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் ஐந்து மணிக்குக் கீழே போனால், மாலையில் பிள்ளையின் மீது எரிந்து விழுவதுதான் மிஞ்சும்.

இந்த ஏற்பாடுகள் உடைவது எப்போதும் இரண்டு இடத்தில்தான். வாய்மொழியாகச் சரி என்றவர் மாற்றலாகிப் போவார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது. ஒப்புக்கொண்ட அன்றே நான்கு வரி மின்னஞ்சல் போட்டு வையுங்கள். இரண்டாவது, நீங்களே மூன்றாம் வாரத்தில் 'இன்னைக்கு ஒரு நாள் இருந்துடறேன்' என்று விட்டுக்கொடுப்பது. முதல் மூன்று மாதம் அந்த இரண்டு நாளில் கறாராக இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பழகும்.

விடுப்புக் கணக்கையும் பாருங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் மிச்ச விடுப்பு எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஈடான காம்ப் ஆஃப், பல இடங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவதை நான் வழக்கமாக ஏற்கமாட்டேன். கடன் நெருக்கினால் வேறு. இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளை மே மாதத்தில் எடுத்துவிடுவது நல்லது.

பெங்களூர் வேலைக்காரர்களின் கணக்கு வேறு. சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ., பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல். வெள்ளி இரவு கிளம்பி நள்ளிரவில் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஞாயிறு இரவே திரும்பும் வாழ்க்கை. வீட்டில் இருக்கும் இரண்டு நாளில் சனி மதியம் வரை தூக்கம், ஞாயிறு மாலையிலிருந்து பை அடுக்குதல். பங்கு அறை 8,000, சாப்பாடு 6,000, மாதம் எட்டுப் பயணத்துக்கு 4,000 என்று போட்டாலே 18,000 போய்விடுகிறது. சேலத்தில் கிடைக்கும் சம்பளத்தோடு ஒப்பிடும் முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரச் சொல்லும் நிறுவனமென்றால், அந்த மூன்று நாளையும் அடுத்தடுத்து வாங்குவதில்தான் சூட்சுமம். திங்கள், புதன், வெள்ளி என்று சிதறினால் பெங்களூரில் அறை எடுத்தே ஆக வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் என்று சேர்ந்தால், திங்கள் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வியாழன் இரவு திரும்பலாம். வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு மாலைகள் வீட்டில். மாத வாடகைக்குப் பதில் வாரம் இரண்டு இரவு தங்கும் செலவுதான். வேலைக்குச் சேரும்போதே இதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கினால் நல்லது.

'வேலையே வேண்டாம், வீட்டிலேயே தொழில்' என்பதற்குச் சேலத்தில் நிறைய முன்மாதிரி உண்டு. குகை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று வீட்டோடு தறி ஓடும் தெருக்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டு முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை. பிள்ளை கண்ணெதிரில் வளரும் என்பது உண்மை, பெரிய வரமும்கூட. ஆனால் அது கூலித் தொழில். ஓட்டின அளவுக்குத்தான் காசு. மாலை 6 மணிக்குத் தறியை நிறுத்தினால் அன்றைய கூலியும் அங்கேயே நிற்கும். கரண்ட் போன மதியத்தை ஈடுகட்ட இரவு 11 வரை ஓடும். தீபாவளிக்கு முன் கொலுசு ஆர்டர் குவியும்போது முன்னறையில் ஊதுகுழல் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருப்பவரிடம் பிள்ளை வீட்டுப்பாட நோட்டைக் காட்ட முடியாது. தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. வீட்டில் இருப்பதும் வீட்டாருக்குக் கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. இந்த வழியை எடுப்பவர்களும் அதே நோட்டைப் போட வேண்டும். வாசல் நேரம் இருக்காது, தறி நின்ற நேரம் எழுத வேண்டும்.

மேலே சொன்ன பேரமெல்லாம் பேசும் பலம் இருப்பவர்களுக்கு. 12,000, 14,000 ரூபாய்க்குக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பலம் இல்லை. அவருக்குச் சட்டம்தான் பலம், அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல் கூடாது. 2021இல் இதே சட்டத்தில் உட்காரும் உரிமையைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் வாரம் 48 மணி, ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பதே வரையறை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். மீறல் நடந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கொடுக்கும்போது வருகைப் பதிவின் படமோ, நாம் எழுதிய அந்த நோட்டோ கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இந்த 8 மணி சும்மா வந்ததல்ல. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில் நாளுக்கு 12 மணி வேலைக்கு இடம் தரும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, அந்த மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். உடம்பின் கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. நம் உதாரண ஓமலூர்க்காரர் வாரம் வேலையில் மட்டுமே 60 மணிக்கு மேல் இருக்கிறார்.

ஒருவரின் நீண்ட நேர வேலை வீட்டில் இன்னொருவரின் வேலையாக மாறுகிறது என்பதையும் நோட்டில் சேர்க்க வேண்டும். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது தெரியவந்தது. கணவர் 9 மணிக்கு வருகிறார் என்றால் தண்ணீர் பிடிப்பது, மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, பிள்ளையின் கணக்குப் பாடம், கேஸ் பதிவு எல்லாம் ஒருவர் தலையில். அவரும் வேலைக்குப் போகிறவர் என்றால் யாருடைய மணிக்கூலி உண்மையில் அதிகம் என்று இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளில் அதிகம் சம்பாதிப்பவர் வாசல் கணக்கில் குறைவாகச் சம்பாதிப்பது அடிக்கடி தெரியவரும். வேலையைக் குறைத்துக்கொள்வது பெண்தான் என்ற முடிவைக் கணக்குப் போடும் முன்பே எடுத்துவிடுகிறோம். அது மிகப் பெரிய தவறு.

நீண்ட நேர வேலை சரியான முடிவாக இருக்கும் காலமும் உண்டு. தங்கையின் கல்யாணக் கடன், கட்டிக்கொண்டிருக்கும் வீடு, தொழில் கற்கும் முதல் இரண்டு ஆண்டு. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதற்காக, எந்த மாதம் வரை என்று எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி நாள்காட்டி அட்டையில் ஒட்டி வைப்பது. கடன் முடிந்த மாதத்துக்குப் பிறகும் அதே மணி தொடர்ந்தால் யாராவது சுட்டிக்காட்டுவார்கள்.

ஒருமுறை போட்ட கணக்கை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் மே கடைசியில், பள்ளி திறக்கும் முன், நோட்டைத் திரும்ப எடுங்கள். பிள்ளை வளர வளர விலை கூடிய மணிகள் இடம் மாறும். ஒன்றாம் வகுப்பில் மாலை 6 முதல் 9. ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் முடிந்து வரவே 8 ஆகும். பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டால், புத்தகத்தை மூடிவிட்டு அடுக்களையில் பால் குடிக்க வரும் இரவு பத்தரை மணிக்குத்தான் மனம்விட்டுப் பேசும். அந்த வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பி ஷிப்ட் முடிந்து 10.45க்கு வருவது ஒரு குறையே இல்லை. அப்போது அதை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டு, உங்கள் ஏ ஷிப்ட் வாரத்தை, இரண்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் சக ஊழியருக்குக் கொடுங்கள்.